சுக்கான் தகட்டில் ஒன்பது புள்ளிகள்

"பதிவு எண் 57. சனிக்கிழமை, தீபாவளிக்கு முந்தைய வாரம், காலை பத்தே கால். சுக்கானின் இடப்பக்கத் தகட்டில் ஒன்பது புள்ளிகள் தென்பட்டன. ஒவ்வொன்றும் மிளகு அளவு. ஈரத்துணியால் துடைத்தும் போகவில்லை. நகத்தால் வருடினால் சொரசொரப்பாக இருக்கிறது. காரணம்:"

‘காரணம்’ என்ற சொல்லுக்கு எதிரே ஒரு சிறு கோடு மட்டும் இருக்கிறது. எழுத்தும் என்னுடையது, கோடும் என்னுடையது. விமானம் மட்டும் என்னுடையது அல்ல.

அது என் அத்திம்பேருடையது. அக்காவின் கணவர். கொல்கத்தாவின் டாக்குரியாவில், இரண்டு ரிக்‌ஷாக்கள் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்கியே தீரவேண்டிய சந்தில், தன் வீட்டுத் தரைத்தளத்தில் கார் நிறுத்துவதற்கென்று கட்டிய அறையில், இரண்டு பேர் உட்காரும் விமானம் ஒன்றை அவர் கட்டிக்கொண்டிருக்கிறார். இப்போதைக்கு வாலை மட்டும் என்று சேர்த்துக்கொள்வதுதான் நேர்மை. இந்த வகை விமானம் பெட்டி பெட்டியாக வரும். முதல் பெட்டியில் வால், அதோடு சேர்ந்து விமானத்தைத் திருப்பும் சுக்கான். மெல்லிய அலுமினியத் தகடுகள், விலா எலும்பு போன்ற சட்டங்கள், பை பையாக ரிவெட் ஆணிகள், தலையணை கனத்தில் ஒரு கையேடு. வாலை முடித்தவர் இறக்கைக்கு எழுதிப் போடலாம். பெட்டி வாங்குகிறவர்களில் பாதிப்பேர் வாலோடு நிறுத்திவிடுவார்கள் என்று அத்திம்பேரே சொல்வார். எங்கே படித்தீர்கள் என்று கேட்டேன். நினைவில்லை என்றார். அதனால் அதை நான் பதிவேட்டில் சேர்க்கவில்லை.

எங்கிருந்து பறக்கப் போகிறது என்று கேட்காத உறவினர் கிடையாது. எல்லோருக்கும் ஒரே பதில்தான். "அது எறக்கை வந்தப்புறம் யோசிக்க வேண்டிய விஷயம்." இறக்கை வந்தால் சந்துக்குள் எப்படித் திரும்பும் என்று நான் ஒருமுறை கேட்டேன். "நீ எழுதறவன். எழுதறவன் கேள்வி கேக்கப்படாது" என்றார்.

ஓய்வு பெறும்வரை அவர் கொதிகலன் ஆய்வாளர். ஹூக்ளியின் இரு கரைகளிலும் இருந்த சணல் ஆலைகளுக்குப் போய், சின்னச் சுத்தியலால் கொதிகலனைத் தட்டுவார், தலையைச் சாய்த்துக் கேட்பார், பிறகு "இது ஆகாது" என்று சொல்லிவிட்டு டிராம் பிடித்து வீட்டுக்கு வந்துவிடுவார். மேலாளர்கள் பின்னாலேயே ஓடி வருவார்களாம். "நீ கண்ணால பாத்ததை எழுது, காதால கேட்டதை எழுதாதே" என்று தன் கீழ் வேலை பார்த்தவர்களிடம் சொல்வாராம். இதை அக்கா சொன்னாள். நான் கேட்டதைத்தான் எழுதுகிறேன்.

பதிவேடு என் கைக்கு வந்ததற்குக் காரணம் அவருடைய கையெழுத்து. வீட்டில் கட்டும் விமானத்துக்குச் சான்றிதழ் வேண்டுமென்றால், எந்தப் பாகத்தை எந்த நாளில் யார் செய்தார் என்று பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்க வேண்டும். அத்திம்பேர் எழுதினால் மறுநாள் அவராலேயே படிக்க முடியாது. நான் வங்கியில் ஆவணப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பழைய கப்பல் மாலுமிகளின் குறிப்பேடுகள், மாவட்ட விவரச் சுவடிகள், கல்வெட்டுத் தொகுதிகள் என்று மற்றவர்கள் தூக்கம் வரப் படிப்பவற்றை நான் தூக்கம் போகப் படிப்பவன். லேக் மார்க்கெட்டில் இருக்கும் என் வீட்டில் நாட்குறிப்புகளுக்கென்று தனி அலமாரி உண்டு. ஆங்கிலத் தேதி, தமிழ்த் தேதி, வங்காளத் தேதி மூன்றையும் போட்டுத்தான் எழுதுவேன். இந்தக் கட்டுரையில் மட்டும் ஆண்டும் தேதியும் வேண்டாம் என்று அக்கா கேட்டுக்கொண்டாள். யாராவது உட்கார்ந்து அவள் வயதைக் கணக்குப் போடுவார்கள் என்பது அவள் பயம். ஆகவே பண்டிகைகளை வைத்தே காலத்தைச் சொல்கிறேன்.

சனிக்கிழமைதோறும் ஆட்டோ பிடித்துப் போவேன். மற்ற நாட்களில் அத்திம்பேர் சாயங்காலம் தொலைபேசியில் அன்றைய வேலையைச் சொல்வார், நான் எழுதிக்கொள்வேன். "இன்னும் பறக்கவே இல்லை, அதுக்குள்ள கறுப்புப் பெட்டி வந்தாச்சு" என்று என்னை அறிமுகப்படுத்துவது அவர் வழக்கம்.

அக்காவுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. மாடியில் படுக்கையறை, மாடியில் சமையலறை. கீழே இறங்கி ஏறுவதற்குள் அவள் முகம் மாறிவிடும். மருத்துவர் தரைத்தளத்துக்கு மாறச் சொல்லிவிட்டார். தரைத்தளத்தில் இருப்பது ஒரே அறை. அந்த அறையில் இருப்பது வால்.

சென்ற ஆண்டு சித்திரையில் இருவரும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். நான் உடன் இருந்தேன், எழுதியும் கொண்டேன்.

"பொங்கலுக்குள்ள வாலை முடிச்சு, அந்த இன்ஜினீயர் வந்து பாத்து கையெழுத்துப் போட்டுட்டா, உங்க ஏரோப்ளேன் அங்கேயே இருக்கட்டும். நான் மாடி ஏறி எறங்கிக்கறேன்" என்றாள் அக்கா. "போடலேன்னா ரூமைக் காலி பண்ணுங்கோ. கட்டிலைக் கீழ எறக்கணும்."

"கையெழுத்து வாங்கறது எனக்கு ஒரு விஷயமா?" என்றார் அத்திம்பேர்.

"போடறது உங்களுக்குப் பெரிய விஷயமாத்தானே இருந்தது முப்பது வருஷம்."

பொறியாளர் என்று அவள் சொன்னது விமானப் பராமரிப்பில் உரிமம் பெற்று ஓய்வில் இருக்கும் ஒரு வங்காளிப் பெரியவரை. டம்டம் பக்கம் வீடு. சுக்கானின் சட்டத்தைத் தகட்டால் நிரந்தரமாக மூடுவதற்கு முன்னால் அவர் வந்து உள்ளும் புறமும் பார்த்துப் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். அதுவரை தகடு ஸ்பிரிங் வைத்த சின்ன ஊசிகளால் தற்காலிகமாகக் குத்தி நிற்கும். துணி உலர்த்தும் கிளிப்புகள் மாட்டிய முள்ளம்பன்றி மாதிரி இருக்கும்.

இனி பூஜைக்கு வருகிறேன்.

கருவிகளுக்குப் பூஜை செய்யாத ஊரில் வாழ்வது ஒரு வகை. கருவிகளுக்கு இரண்டு முறை பூஜை செய்யும் ஊரில் வாழ்வது இன்னொரு வகை. வங்காளிகளுக்கு விஸ்வகர்மா பூஜை. சூரியக் கணக்கில் வருவதால் அநேகமாக எல்லா ஆண்டும் செப்டம்பரில் ஒரே தேதிக்கு வந்துவிடும். நமக்கு ஆயுத பூஜை. திதிக் கணக்கு, அதனால் முன்பின் நகரும். இரண்டுக்கும் நடுவே மகாளய அமாவாசை. டாக்குரியா சந்தில் ஒரு டிரில்லிங் மெஷின் வைத்திருப்பவர் ஒரே பருவத்தில் இரண்டு முறை அதற்குப் பொட்டு வைத்து, இரண்டு நாள் அதைத் தொடாமல் இருக்க வேண்டும்.

விஸ்வகர்மா பூஜை பக்கத்து வீட்டு பௌதியின் பொறுப்பு. அண்ணி என்ற உரிமையில் சந்தே அவரை பௌதி என்றுதான் கூப்பிடும். அவர் கணவர் ரயில்வே பட்டறையில் இருந்தவர், காலமாகிவிட்டார். பட்டறை பூஜைக்குப் போக இடமில்லாமல் இருந்த பௌதிக்கு, பக்கத்து வீட்டில் ஒரு விமானத் தொழிற்சாலை முளைத்தது பெரிய ஆறுதல். அன்று காலை பித்தளைத் தட்டில் சாமந்தி, சந்தேஷ் இனிப்பு, சிந்தூர் டப்பாவோடு வந்தார். கடுகெண்ணெயில் குழைத்த அந்தச் சிவப்புச் சிந்தூரை மோதிர விரலால் தொட்டு டிரில்லுக்கு, ரிவெட் துப்பாக்கிக்கு, கம்ப்ரஸருக்கு, பிறகு சுவரில் சாய்த்து வைத்திருந்த தகடுகளுக்கு வரிசையாகப் பொட்டு வைத்தார். எனக்கும் வைக்க வந்தார். நான் எழுதுகிறவன் மட்டும்தான் என்றேன். பேனாவுக்கு வைத்தார்.

மூன்று வாரம் கழித்து ஆயுத பூஜை. அக்கா ஒவ்வொரு படியாக இறங்கி வந்தாள். சந்தனத்தை அரைத்துத் தண்ணீரில் குழைத்து வைத்து, அதன்மேல் குங்குமம் இட்டாள். கடைக் குங்குமம் இல்லை. நவராத்திரிக்கு வரும் பெண்களுக்குக் கொடுப்பதற்காக ஆண்டுதோறும் மஞ்சளும் சுண்ணாம்பும் வெண்காரமும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து அவளே செய்வது. எல்லாப் பாகத்துக்கும் வைத்தாள். அந்த அறையைக் கேட்டு ஒப்பந்தம் போட்டவள், அந்த அறையில் இருந்த வால் தேறவேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். கண்ணால் பார்த்ததால் எழுதியும் வைத்திருக்கிறேன்.

விஜயதசமி அன்று அத்திம்பேர் எல்லாவற்றையும் ஈரத்துணியால் துடைத்தார். பத்து நாள் கழித்து, வெளிச்சத்தில் தகட்டைத் திருப்பியபோது அந்த ஒன்பது புள்ளிகள் தெரிந்தன.

முதலில் மழைக்காலத்து ஈரம் என்றார் அத்திம்பேர். ஈரம் மூன்று மூன்றாக வரிசை போட்டு உட்காராது என்றேன். இரண்டு பேரும் மாடிப்படியைப் பார்த்தோம்.

அக்காவிடம் கேட்கப் போனது நான். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ஆமா, நான்தான் வெச்சேன். எல்லாத்துக்கும்தான் வெச்சேன். எதுக்கு, போலீஸ் வரப்போறதா?"

"அந்த இடத்துலதான் வெச்சியா?"

"அங்க ஏற்கெனவே செவப்பா பொட்டு இருந்தது. அது மேலயே வெச்சேன். புதுசா எதுக்கு எடம் தேடணும்?"

இதை நான் பதிவேட்டில் எழுதவில்லை. அது விமானத்தின் பதிவேடு, கீரை ஆய்வதன் பதிவேடு அல்ல. என் சொந்த நாட்குறிப்பில், அன்றைய பக்கத்தில், அவள் சொன்னபடியே எழுதினேன். அப்போது அந்த வாக்கியத்துக்கு எந்த மதிப்பும் இல்லை.

மார்கழி இரண்டாம் வாரம் பொறியாளர் வந்தார். மெலிந்த உடம்பு, மங்கி கேப், கழுத்தில் மஃப்ளர். கொல்கத்தாவில் குளிர் என்று நாட்காட்டி சொல்லிவிட்டால் வெயில் அடித்தாலும் இரண்டும் வேண்டும். கையில் ஒரு பூதக்கண்ணாடி, பல் மருத்துவர் வைத்திருப்பது போன்ற ஒரு குட்டிக் கண்ணாடி. வங்க மொழியிலும் ஆங்கிலத்திலும் மாறி மாறிப் பேசினார். கீழே இறங்கி வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த அக்காவுக்கு இரண்டும் தெரியும்.

வாலின் படுக்கைத் துடுப்பைப் பார்த்தார், தலையாட்டினார். நிமிர்ந்த துடுப்பைப் பார்த்தார், தலையாட்டினார். படுக்கைத் துடுப்பின் பின்னால் மேலும் கீழும் அசையும் எலிவேட்டரின் ரிவெட் வரிசையில் விரலை ஓட்டி, "கையெழுத்து மாதிரி இருக்கிறது" என்றார். பாராட்டு என்று அத்திம்பேர் எடுத்துக்கொண்டார். அவர் கையெழுத்தை நான் அறிவேன்.

நான் ஒரு விஷயத்தைக் கவனித்தேன். முப்பது ஆண்டுகள் பிறருடைய கொதிகலன்கள் முன்னால் தலையைச் சாய்த்து நின்ற அத்திம்பேர், அன்று பொறியாளர் எங்கே குனிந்தாலும் தானும் அங்கே குனிந்துகொண்டிருந்தார்.

சுக்கானுக்கு வந்தார்கள். பூதக்கண்ணாடி நின்றது.

"இது என்ன?"

அத்திம்பேர் சொல்லத் தொடங்கினார். அதற்குள் பௌதி தேநீரும் புதுவெல்ல சந்தேஷும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். விருந்தாளி வங்காளி என்று தெரிந்ததும் அவருக்கு உற்சாகம்.

"பூஜைப் பொட்டு தாதா" என்றார், அண்ணா என்ற மரியாதையில். "நானும் வைத்தேன், திதியும் வைத்தாள். இரண்டு வீட்டு ஆசீர்வாதமும் அதற்கு இருக்கிறது." திதி என்று அவர் சொன்னது என் அக்காவை.

"எதனால் வைத்தீர்கள்?"

"சிந்தூர்தான். அசல் சிந்தூர். காளிகாட்டில் என் மாமியார் காலத்துக் கடையில் வாங்கியது. இப்போது விற்கும் சாயப்பொடி எல்லாம் நான் தொடமாட்டேன்."

பொறியாளர் சந்தேஷைத் தட்டில் திரும்ப வைத்தார்.

அசல் சிந்தூரில் பாதரசம் இருக்கலாம் என்று மெதுவாக விளக்கினார். அலுமினியத்துக்குப் பாதரசம் ஆகவே ஆகாது. உள்ளே இறங்கிவிட்டால் கரையான் மாதிரி அரித்துக்கொண்டே போகும், வெளியே தெரியாது. விமானத்துக்குள் பாதரசத் தெர்மாமீட்டரைக்கூட எடுத்துவர விடமாட்டார்கள். இந்தப் புள்ளிகள் சிந்தூரால் வந்தவை என்றால் தகட்டைக் கழற்றி எறிய வேண்டும், தன்னால் கையெழுத்திட முடியாது.

"அப்ப குங்குமத்தால வந்திருந்தா?" என்று கேட்டார் அத்திம்பேர்.

"அதில் என்ன இருக்கிறது?"

"மஞ்சள், சுண்ணாம்பு."

"சுண்ணாம்பு மேலோட்டமாகத்தான் அரிக்கும். ஆழம் அளந்து, தேய்த்து, மெருகேற்றி, மேலே பிரைமர் பூச்சு அடித்தால் போதும். இன்றைக்கே கையெழுத்துப் போடுவேன்."

அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். விமானம் தப்பிக்க வேண்டுமானால் குற்றவாளி அக்காவாக இருந்தாக வேண்டும். அதைப் புரிந்துகொள்ள எல்லோருக்கும் ஒரே அளவு நேரம்தான் ஆயிற்று.

ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பலாமே என்றேன். துண்டு வெட்டி அனுப்ப வேண்டும் என்றார் பொறியாளர். துண்டு வெட்டிய தகடு எப்படியும் உதவாது. வெளிநாட்டிலிருந்து புதுத் தகடு வர மூன்று மாதம் ஆகும். பொங்கலுக்கு இருந்தது மூன்று வாரம்.

"தகடுகள் நீல நிறப் பிளாஸ்டிக் படலம் ஒட்டித்தானே வரும்?" என்றார் பொறியாளர். "அதை எப்போது உரித்தீர்கள்? விஸ்வகர்மா பூஜைக்கு அப்புறம் உரித்திருந்தால் சிந்தூர் படலத்தின்மேல்தான் பட்டிருக்கும், படலத்தோடு போயிருக்கும். அப்படியென்றால் இது குங்குமம்தான். முன்னாலேயே உரித்திருந்தால் என்னால் ஒன்றும் சொல்ல முடியாது. தேதியைப் பாருங்கள். உங்களிடம்தான் பதிவேடு இருக்கிறதே."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

துளையிட்டதற்குத் தேதி இருந்தது. பிசிறு எடுத்ததற்கு இருந்தது. மின்சாரம் போனதற்கு, டிரில் பிட் உடைந்ததற்கு, பூனை எலிவேட்டர் மேல் படுத்துத் தூங்கியதற்குக்கூட, நேரத்தோடு இருந்தது. படலம் உரித்ததற்கு இல்லை. பெட்டி பிரிப்பதையும் தாள் உரிப்பதையும் நான் வேலையாகக் கருதவில்லை. எந்த மாலுமியும் கப்பலின் உறையைக் கழற்றியதை எழுதியதாக நான் படித்ததில்லை.

"கறுப்புப் பெட்டியில பதிவாகலையா?" என்றார் அத்திம்பேர். குரலில் கிண்டல் இல்லை.

விஸ்வகர்மா பூஜையன்று நான் எடுத்த புகைப்படம் கைபேசியில் இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தோம். முன்னால் சந்தேஷ் தட்டு மிகத் தெளிவாக இருந்தது. பின்னால் பௌதி. அவருக்குப் பின்னால் தகடு, நீலமாக.

"நீலம்" என்றாள் அக்கா. "பாருங்கோ, படலம் இருக்கு."

பொறியாளர் கைபேசியை வாங்கிக் கண்ணருகே கொண்டுபோனார். அன்று பௌதி கட்டியிருந்ததும் நீலப் புடவை. படலம் உரித்த அலுமினியம் முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி. நீலம் தகட்டினுடையதா, தகட்டில் தெரிந்த புடவையினுடையதா என்று அவராலும் சொல்ல முடியவில்லை. பௌதி மட்டும், "அந்தப் புடவை எனக்கு நன்றாக இருக்கிறது இல்லையா?" என்று கேட்டார்.

அத்திம்பேர் யோசித்தார். "மகாளய அமாவாசை அன்னிக்குத்தான் உரிச்சேன்னு நெனைக்கறேன். விடியக்காலம் பக்கத்தாத்து ரேடியோல அந்த மகாளய நிகழ்ச்சி ஓடிண்டிருந்தது."

நான் பக்கத்தைப் புரட்டினேன். மகாளயத்துக்கு எதிரே, தொலைபேசியில் அவரே சொல்லி நான் எழுதியது: "வேலை இல்லை. தர்ப்பணம்." பக்கத்தை அவரிடம் காட்டினேன். அவர் படித்தார். "அப்ப அன்னிக்கு இல்லை" என்றார்.

அப்போது அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

"நான் பொட்டு வெச்சப்போ தகடு சுத்தமா இருந்தது" என்று பொறியாளரிடம் வங்க மொழியில் சொன்னாள். "ஒரு செவப்பும் இல்லை. வெள்ளி மாதிரி பளபளன்னு இருந்தது. என் குங்குமம்தான் அது. சுண்ணாம்பு அளவு இந்த வருஷம் கூடிப்போச்சு, கை தவறிடுத்து." பிறகு தமிழில் என்னிடம், "எழுதுடா" என்றாள்.

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. கீரை ஆய்ந்த நாளில் சொன்னது அவளுக்கும் நினைவிருந்தது, எனக்கும் இருந்தது. அன்று அவள் பார்த்த சிவப்பு உலோகத்தின்மேல் இருந்த சிந்தூர் என்றால் தகடு போயிற்று. இன்று அவள் சொல்வது உண்மையென்றால் வால் தேறியது, அவளுக்கு அறை போயிற்று, முழங்கால் இருக்கிறபடி இருக்கும். பொய் சொல்கிறவர்கள் வழக்கமாகத் தங்களுக்குச் சாதகமாகச் சொல்வார்கள். நான் படித்த எந்தச் சுவடியிலும் இதற்கு முன்மாதிரி கிடையாது.

"வீட்டம்மாவே சொல்கிறார்" என்றார் பொறியாளர். அவருக்கும் முடித்துவிட்டுப் போக ஆசை. "காரணம், சுண்ணாம்பு கலந்த குங்குமம் என்று எழுதுங்கள். கீழே நான் போடுகிறேன்."

பேனாவைத் திறந்தேன். மூடியில் பௌதி வைத்த சிந்தூரின் கறை இன்னும் இருந்தது. எழுதியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். நாற்பது ஆண்டு ஆவணப் பிரிவில் இருந்தவன், அக்காவின் முழங்காலுக்கு எதிராக ஒரு பொய்யை, அதுவும் அவளே கேட்டுக்கொண்டதால், நல்ல கையெழுத்தில் எழுதியிருப்பேன்.

"இரு" என்றார் அத்திம்பேர்.

அவர் அக்காவைப் பார்த்தார். கொதிகலனைத் தட்டிவிட்டுக் கேட்பாரே, அதுபோல் தலை கொஞ்சம் சாய்ந்திருந்தது.

"நீ அன்னிக்குக் கண்ணாடி போட்டுண்டிருந்தியா?"

"போட்டுண்டுதான் இருந்தேன்."

"ஆயுத பூஜை அன்னிக்கு உன் கண்ணாடி கடையில இருந்தது. காம்பு உடைஞ்சுபோச்சுன்னு நான்தான் கொண்டுபோய்க் குடுத்தேன்."

அக்கா மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஒரு மேனேஜர் இதே மாதிரி சொல்லி, நான் கையெழுத்துப் போட்டிருப்பேனா?" என்று அவர் யாரையும் பார்க்காமல் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். "காரணத்துல ஒண்ணும் எழுதாதே. கோடாவே இருக்கட்டும். தகட்டைக் கழட்டிடறேன்."

"பொங்கலுக்கு இன்னும் மூணு வாரம்தான் இருக்கு" என்றேன்.

"எனக்கும் காலண்டர் பாக்கத் தெரியும்."

ஸ்பிரிங் ஊசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி டப்பாவில் போடத் தொடங்கினார். "தாலி கட்டின நாள்லேர்ந்து நான் சொன்ன ஒண்ணைக்கூட இவர் பாஸ் பண்ணினதில்லை" என்று அக்கா பௌதியிடம் வங்க மொழியில் சொன்னாள். பௌதி அழுதுகொண்டிருந்தார். தன் சிந்தூர் ஒரு விமானத்தை வீழ்த்திவிட்டது என்று அவர் நம்பிவிட்டார். இன்னும் பறக்காத விமானம் அது என்று பொறியாளர் தேற்றினார். அது உதவவில்லை. தட்டில் திரும்ப வைத்த சந்தேஷைப் பொறியாளர் மறுபடி எடுத்துச் சாப்பிட்டார், அது கொஞ்சம் உதவியது.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் கட்டில் கீழே இறங்கியது. ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். வால் எங்கே போகும் என்று ஒப்பந்தத்தில் சொல்லவில்லை என்பதை நான் சுட்டிக்காட்டினேன்.

"மேல என் ரூம் காலியாத்தானே கெடக்கு" என்றாள் அக்கா. "அங்க ஏத்துங்கோ. ஆனா காலங்காத்தால டிரில் போட்டா நான் கீழேர்ந்து கத்துவேன்."

படிக்கட்டின் திருப்பத்தில் படுக்கைத் துடுப்பு திரும்பவில்லை. பால்கனி வழியாகக் கயிறு கட்டித்தான் ஏற்றினோம். சந்தில் இரண்டு ரிக்‌ஷாக்கள் நின்றுவிட்டன, மூன்றாவது பின்வாங்கியது. இந்த வீட்டிலிருந்து அந்த விமானம் இதுவரை எட்டிய அதிகபட்ச உயரம் அதுதான், சுமார் பதினான்கு அடி. நேரம், காலை பதினொன்று இருபது. பதிவேட்டில் இருக்கிறது.

புதுத் தகடு பங்குனியில் வந்தது. படலம் உரித்த நேரத்தை மணி, நிமிடத்தோடு எழுதினேன், படமும் எடுத்தேன், யாரும் நீலம் உடுத்தவில்லை என்று உறுதி செய்துகொண்டேன். பொறியாளர் வந்து பார்த்துக் கையெழுத்திட்டார். அத்திம்பேர் இறக்கைக்கு எழுதிப் போட்டிருக்கிறார். அது மாடியறையை விட நீளம். அதை அவரிடம் சொன்னேன், அது வந்த பிறகு யோசிக்க வேண்டிய விஷயமாம்.

அடுத்த விஸ்வகர்மா பூஜைக்கு பௌதி வருவாரா என்று எல்லோருக்கும் சந்தேகம் இருந்தது. வந்தார். சிந்தூரைக் கதவு நிலையில் வைத்தார், கம்ப்ரஸரின் ரப்பர் சக்கரத்தில் வைத்தார். அலுமினியத்தின் பக்கம் திரும்பாமல் சாமந்திப் பூவை மட்டும் தூர நின்று போட்டார். அக்கா ஆயுத பூஜைக்குத் தகடுகளின்மேல் ஒரு பழைய வேட்டியைப் போர்த்தி, வேட்டிக்குப் பொட்டு வைத்தாள்.

பழைய தகடு தரைத்தள அறையில், அக்கா கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் சாய்ந்து நிற்கிறது. ஒன்பது புள்ளிகளும் அப்படியே இருக்கின்றன. பெரிதாகின்றனவா என்று மாதம் ஒருமுறை வெர்னியர் அளவுகோல் வைத்து அளக்கிறேன். இதுவரை ஆகவில்லை. பாதரசம் இல்லை என்பதற்கு அது சான்றா என்று பொறியாளரைக் கேட்டேன். ஆகாது என்றார்.

போன வாரம், கட்டிலில் உட்கார்ந்து காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்த அக்காவிடம், இப்போதாவது சொல், அன்று அங்கே சிவப்பு இருந்ததா என்று கேட்டேன். "இருந்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. கண்ணாடிதான் இல்லையே" என்றாள். கண்ணாடி விஷயத்தையும் விசாரித்துவிடலாம் என்று அந்தக் கடைக்குப் போனேன். ரசீதுப் புத்தகங்களை அவர்கள் ஆண்டு முடிந்ததும் எறிந்துவிடுவார்களாம். அன்று கண்ணாடி உண்மையிலேயே கடையில் இருந்ததா, அத்திம்பேர் அந்த நிமிடத்தில் இட்டுக்கட்டினாரா என்பதை அவரிடம் நான் கேட்கவில்லை.

ஆகவே பதிவு எண் 57-இல் கோடு அப்படியே இருக்கிறது. அதன் அருகே பென்சிலால் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: சுக்கானின் பழைய இடப்பக்கத் தகட்டிலிருந்து படலம் உரிக்கப்பட்டது விஸ்வகர்மா பூஜைக்கு முன்னா, பின்னா என்பது சரிபார்க்கப்படவில்லை.